ஒரு கலயம், இரண்டு ஆண் மீன்கள்

மச்சான்,

உங்கள் கண்ணாடித் தொட்டியை எங்காவது தள்ளிவிடச் சொல்லி அக்கா ஆளனுப்பியிருந்தாள். இன்று காலை திண்டுக்கல் வந்து அதைக் கழுவினேன். மூலையில் காய்ந்திருந்த பாசியில் தண்ணீர் பட்டதும் பழைய வாடை எழுந்தது. நீங்கள் மாரடைப்பில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டுமாம். எனக்கு அது வராது.

பி.ஏ. முடித்துவிட்டு, வேலையில்லாமல் உங்கள் வீட்டில் நான் சோறு தின்ற காலம். புகையிலை வியாபாரமாக மெட்ராஸ் போன நீங்கள் தகர டின்னில் நான்கு உறிஞ்சி மீன்களோடு ரயிலில் வந்தீர்கள். ஆண் இரண்டு, பெண் இரண்டு. விரல் நீளம், உடம்பெல்லாம் கறுத்த ஓடு. வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு கிடக்கும். ஆண் ஒரு பொந்தைப் பிடிக்கும், பெண் அதற்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், குஞ்சு வரும்வரை அப்பன்தான் காவல் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். நீங்கள் ஒரே ஒரு சிறு கலயத்தைச் சாய்த்து வைத்தீர்கள்.

"இன்னொன்னு வைங்க மச்சான். ரெண்டும் அடிச்சுக்கிடும்."

"அடிச்சுக்கிடட்டும் மாப்ள. ஒரு வீட்டுக்கு ஒரு ஆம்பளதான்." சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த என் கையைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

அன்று முழுவதும் இரண்டும் கலயத்தின் வாயில் மோதின. கன்னத்து முட்களை விரித்து ஒன்றையொன்று கிழித்தன. நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "குத்துடா, விடாத!" என்று தொடையைத் தட்டினீர்கள். தோற்றதற்கு ஒரு கண் போயிற்று. மறுநாள் மல்லாந்து கிடந்ததை வாலைப் பிடித்துத் தூக்கி என் தட்டருகே போட்டீர்கள். "பாத்துக்க."

பிறகு கலயத்துக்குள் ஆரஞ்சு நிற முட்டைகள் கொத்தாக வந்தன. அப்பன் மீன் அவற்றின் மேல் கிடந்து ஓயாமல் துடுப்பால் விசிறியது. "தகப்பன்னா இதுல்ல தகப்பன்" என்றபோது உங்கள் கண் கலங்கியிருந்தது. பாத்திரம் உருட்டி மீனை மிரட்டினாள் என்று அக்காவை நீங்கள் அறைந்ததும் அன்றைக்குத்தான். அவள் காதோரம் ரத்தம் கட்டியிருந்தது.

நம் தெருக் கிணறு உப்பு. அதில் பருப்பு வேகாது. குழாயடியில் இடிபட்டு அக்கா கொண்டுவரும் நல்ல தண்ணீரில் ஒரு குடம் மீனுக்கு என்பது உங்கள் சட்டம். அந்தக் கோடையில் குழாய் வறண்டது. பருப்பு வேகவில்லை என்று நீங்கள் தட்டை அவள் மேல் எறிந்தீர்கள். அந்தப் பயத்தில் மறுநாள் மீனின் குடத்திலிருந்து மொண்டு பருப்புப் போட்டாள். குறைந்ததைக் கிணற்று நீரால் நிரப்பிவைத்தாள். தெரியாமல் அதை நீங்களே தொட்டியில் ஊற்றினீர்கள். மாலையில் அப்பன் மீன் முட்டைகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துக் கிடந்தது.

"தண்ணிய யாருடி மாத்துனது?"

"பருப்பு வேகணும்ல... கொஞ்சூண்டுதான்..."

கொண்டையைப் பிடித்து இழுத்து அவள் முகத்தைத் தொட்டிக்குள் அமுக்கினீர்கள். "பாருடி! கொன்னுட்டியே, நல்லாப் பாரு!" தண்ணீரில் குமிழிகள் வந்தன. விடவில்லை. குமிழிகள் நின்றன. அப்போதும் விடவில்லை. அடுப்பில் கொதித்த பருப்புச் சட்டியை எடுத்து உங்கள் முதுகில் கவிழ்த்தேன். சட்டையோடு தோலும் உரிந்தது. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

அக்கா இருமி இருமி மூச்சு வாங்கினாள். மூச்சு வந்ததும் என்னைப் பார்த்துத்தான் கத்தினாள்: "ஏலே, எம் புருசன் மேலயா ஊத்துற? வெளிய போடா! இந்தப் பக்கம் வந்தே, வெட்டிப்புடுவேன்!"

நான் போன பிறகு உங்களோடு தனியாக இருக்கப் போகிறவள் வேறு என்ன சொல்வாள்? கையைப் பிடித்து இழுத்தேன், வர மறுத்துவிட்டாள். கன்னிவாடியில் வாத்தியார் வேலை கிடைத்தது. அவள் மணிக்கட்டு முறிந்ததும் பல் போனதும் அடுத்தவர் சொல்லித்தான் என் காதுக்கு வந்தன. நீங்கள் இருந்தவரை அந்த வாசலை மிதிக்க அவள் என்னை விடவில்லை.

இன்று தொட்டி வேலை முடிந்ததும் காபி கொடுத்தாள். சுவரில் உங்கள் படத்து மாலை கோணிக் கிடந்தது. "அதச் செத்தச் சரி பண்ணு தம்பி" என்றாள். கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்றவள் சட்டென்று குனிந்து முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. காபி ஆறுது, குடி" என்றாள் பிறகு.

மாலையைத் தொடாமலே கையை இறக்கினேன். அவளை ஒருபோதும் அடிக்காத கை, மச்சான். அதற்கும் அவள் குனிகிறாள்.