ஐம்பதாவது பறவை

18 பிப்ரவரி 1968, ஞாயிறு

பகல் முழுக்க சலீம் வீட்டில் சிகரெட் அட்டைகளோடு போயிற்று. வெள்ளைக்காரன் காலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்து வந்த படங்கள். பீங்கான் ஆலையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியம். பறவை வரிசையில் மொத்தம் ஐம்பது. என்னிடம் நாற்பத்தொன்பது. இல்லாத இருவாச்சி அவனிடம் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

இன்னொரு டப்பாவை எடுக்க அவன் உள்ளே போனான். இருவாச்சியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

19 பிப்ரவரி

ஐம்பதும் சேர்ந்துவிட்டது. பரப்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

21 பிப்ரவரி

ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தபோது சலீம் சொன்னான்: "அந்த இருவாச்சிய ரசியாதான் எடுத்து எங்கியோ போட்டுட்டாடா. எடுக்கவே இல்லன்னு ஒரே பிடிவாதம். பொய் சொல்றாளேன்னு ரெண்டு வச்சிட்டேன்."

அவன் மகளுக்கு எட்டு வயது.

"சின்னப் புள்ள, வுடுடா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நான்தான்டான்னு சொல்ல வாய் ஏன் வரல எனக்கு?

3 மார்ச்

அவன் வீட்டுக்குப் போனேன். ரசியா அடுப்படியை விட்டு வரவில்லை. அடித்த அத்தாவோடு சரியாகப் பேசுவதே இல்லையாம்.

14 ஜூலை

சலீமுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

18 ஜூலை, வியாழன்

லீவு போட்டுவிட்டுப் பாண்டிச்சேரி போனேன். அட்டையை அவன் கையில் வைத்து, நான்தான் எடுத்தேன் என்றேன். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இதுக்கா அர்ச்சுனா அந்தப் புள்ளைய அடிச்சேன்?"

பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "வூட்டுக்கு வந்ததும் அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

20 ஜூலை

சலீம் போய்விட்டான்.

4 ஆகஸ்டு, ஞாயிறு

இனி சொல்ல நான் மட்டும்தான் என்று போனேன். கணவனை இழந்தவள் வெளி ஆண்கள் முன் வராத இத்தா காலம் என்பதால் சலீமின் மனைவி ஜெரினா திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ரசியா எதிரில் உட்கார்ந்தாள். அட்டையைப் பாயில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் எடுக்கலன்னு அத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. ஆஸ்பத்திரியில சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"வூட்டுக்கு வந்ததும் உங்கிட்ட பேசுறேன்னாரு."

பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தது. அட்டையைத் தொடவில்லை. நான் எழுந்தேன்.

எத்தனை வருஷமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். எப்போதும் "போயிட்டு வாங்கண்ணே" என்பாள் ஜெரினா. இன்று திரைக்குப் பின்னாலிருந்து, "போங்கண்ணே" என்றாள்.