பன்னிரண்டரை வோல்ட்

அன்புள்ள மகளுக்கு,

எட்டாம் வகுப்பில் நீ என் மாணவியாகவும் இருந்தபோது ஒரு கேள்வி கேட்டாய். தேய்ந்துபோன டார்ச் பேட்டரியில் ஒரு சின்ன விளக்கையும், பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டாரையும் மாற்றி மாற்றி இணைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்தது, மோட்டார் சுற்றவில்லை. "வெளிச்சம் வருதே சார், அப்புறம் ஏன் ஓடலை?" என்று எழுந்து நின்றாய். அதற்குள் மணி அடித்துவிட்டது. "வீட்டுல சொல்றேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. வீட்டில் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் கழித்து உன் மோட்டார் சைக்கிள் அதே கேள்வியைக் கேட்டுவிட்டது.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மேல்மாடி வீட்டுக்காரர்கள் ஒருவழியாக ஒழுகும் குழாயை மாற்றிவிட்டார்கள். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை. "நல்லா இருக்கேன்" என்று இரண்டே சொற்கள் தினமும் செய்தியாக வருகின்றன. அதைப் படித்துவிட்டுக் கீழே இறங்குவேன், வண்டியைத் துடைப்பேன், மேலே வருவேன், மறுபடி போனைப் பார்ப்பேன். "படிக்கட்டு தேயுது" என்கிறாள் அம்மா.

வண்டியை விற்றுவிடச் சொன்னாய் அல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் பார்க்க வந்தார். சாவியைத் திருப்பினேன், விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் டக் டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் ரொம்பப் பணிவாக, "நான் வண்டி வாங்க வந்தேன் சார், கடிகாரம் வாங்க வரலை" என்றார். சரிசெய்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அவர் தலை மறைந்ததும் அம்மா, "வண்டி கிளம்பலைன்னதும் உங்க மூஞ்சில என்ன ஒரு களை!" என்றாள். உண்மைதான். இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டை விட்டு நீ வந்து சேர்ந்தது இந்த வண்டியில்தான். இதுவும் போய்விட்டால் நீ இங்கே வருவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு ஓர் அற்ப யோசனை.

ஆனாலும் வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை. மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட், ஒரு குறையும் இல்லை. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இதுதான் ஆள் என்று வெந்நீர் விட்டுத் தேய்த்து, துடைத்து, திருகை இறுக்கினேன். மறுபடியும் டக் டக். ஃபியூஸைப் பார்த்தேன், ஒயரை ஆட்டினேன். கடைசியில் தெருமுனை மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினேன். அவசரம் என்று நீ பெயர் வைத்தாயே, எதற்குமே அவசரப்படாதவர், அவர்தான். பெயருக்கேற்றபடி மறுநாள் சாயங்காலம் வந்தார்.

மீட்டரைப் பேட்டரியில் வைத்தபடியே என்னைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். எண் சரசரவென்று இறங்கி எட்டில் போய் நின்றது. "சும்மா இருக்கறப்ப கேட்டா எல்லா பேட்டரியும் நல்லா இருக்கேன்னுதான் சார் சொல்லும். வேலை குடுத்துப் பாக்கணும்" என்றார். உன் பழைய கேள்விக்கும் இதுதான் பதில். சின்ன விளக்குக்குக் கொஞ்சம் தெம்பு போதும். மோட்டாருக்கு அது போதாது. ஆனால் அவர் சொன்னது எனக்கு வேறெங்கோ சுருக்கென்று தைத்தது.

பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றி, மறுநாள் கொண்டுவந்து மாட்டினார். ஒரே அழுத்தில் கிளம்பியது. ஓடும்போது மீட்டர் பதினான்குக்கு மேல் காட்டியது. எடுத்ததை வண்டி திருப்பித் தருகிறது, அதிலும் பழுதில்லை. அப்படியானால் எப்படி இறங்கியது? "டெய்லி வண்டிய எடுக்கறீங்களா சார்?" என்று கேட்டார். ஓட்டுவதில்லை, ஆனால் நீ வேலைக்காக வெளியூர் போன நாளிலிருந்து தினமும் காலையில் தவறாமல் ஒரு நிமிடம் கிளப்பிவிட்டு நிறுத்துகிறேன், பேட்டரி நன்றாக இருக்கட்டும் என்று. இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ சார்! கிளம்பறதுக்குத்தான் அது நிறைய குடுக்கணும். ஒரு நிமிஷத்துல அதெல்லாம் திரும்பி வருமா? இத்தனை நாளா அதை உறிஞ்சிக்கிட்டிருந்ததே நீங்கதான்!" முப்பத்திரண்டு வருடம் மின்சாரப் பாடம் நடத்தியவனுக்கு இது தேவைதான். அம்மா சமையலறையிலிருந்து சிரித்தது கீழே வரைக்கும் கேட்டது.

அன்றைக்கு ராத்திரி என் காலை வேலைகளை வரிசையாக எண்ணிப் பார்த்தேன். வண்டியைக் கிளப்பி நிறுத்திவிட்டு மேலே வந்ததும் நான் செய்யும் அடுத்த வேலை உனக்குப் போன் போடுவதுதான். அதுவும் ஒரு நிமிடம். வக்கீல் என்ன சொன்னார், மாப்பிள்ளை பேசினாரா, காகிதத்தில் கையெழுத்துப் போட்டாயா. நீ வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. நீ ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாய். "சரிம்மா, வச்சுடறேன்" என்று நான் நிம்மதியாக வைத்துவிடுவேன். உதாரணம் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று உனக்குத் தெரியும். இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுகிறேன்.

இனிமேல் காலையில் கூப்பிட மாட்டேன். வண்டியையும் சீண்டுவதில்லை. வாரம் ஒருமுறை நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டு வருவதாக அவசரம் ஒத்துக்கொண்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறார். விற்றுவிடு என்றே நீ சொன்னால் கொடுத்துவிடுகிறேன். வண்டி கிளம்பும், நான் அதில் ஒரு விஷமமும் செய்து வைக்க மாட்டேன். வண்டி நின்றாலும் போனாலும் நீ வருவதற்கு வீடு இருக்கிறது. வந்து நீ எதுவும் பேசாமல் பத்து நாள் படுத்துத் தூங்கினாலும் ஏன் என்று கேட்கமாட்டேன். அம்மா கேட்டாலும் நான் தடுக்கிறேன்.

உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் செய்து பார்: உனக்கு நேரம் இருக்கிற ஒரு நாள் நீயாகக் கூப்பிட்டு, "நல்லா இருக்கேன்" என்பதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வார்த்தையிலிருந்து பேசு.

உன் அப்பா