பெல்ட்டைப் பிடித்த கை

ஜூன் 3

அன்புள்ள குள்ளா,

நீயாவது நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன் மணி அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, அதனால்தான் கடிதம். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. தரை தேய்ந்துவிடும் என்று அக்கா திட்டுகிறாள்.

அவள் நச்சரிப்பு தாங்காமல், உடல்வழியாக அதிர்ச்சியைக் குணமாக்கும் ஓர் அம்மாவிடம் போனேன். நாம் மாடிக் கண்ணாடி துடைக்கும் தொங்குமேடையின் ஒரு பக்கக் கயிறு அறுந்தது, என் பாதுகாப்புக் கொக்கி கழன்று நான் சரிந்தது, நீ எட்டி என் பெல்ட்டைப் பிடித்தது என்று எல்லாவற்றையும் ஒப்பிக்கத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

"கதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்ப உங்க பாதம் தரையில படுதான்னு பாருங்க" என்றார்.

இதற்கா காசு என்று எரிச்சல் வந்தது. ஆனால் பாதம் தரையில் இல்லை, குள்ளா. நாற்காலியில் உட்கார்ந்தும் குதிகால் இரண்டையும் தூக்கியே வைத்திருந்தேன். நீயும் ஒருமுறை வாயேன்.

உன் நெட்டை

ஜூன் 11

நெட்டைக்கு,

கடிதம் கிடைத்தது. உனக்குப் பாதம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு படித்த அம்மாவா? என்னிடம் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து மறுபடி மேலே ஏறச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். நானும் தலையாட்டிவிட்டேன். நம் கண்ணாடியை வேறு எவனோ துடைத்துக் கோடு கோடாக வைத்திருக்கிறான், பார்க்கவே சகிக்கவில்லை. வீட்டுக்காரிதான் பிள்ளைகளோடு போய்ப் படுத்துக்கொள்கிறாள். தூக்கத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்தால் விடவே மாட்டேன் என்கிறேனாம். அவளுக்கு எதையும் பெரிதுபடுத்தித்தான் பழக்கம்.

நிற்க. அங்கே வேறு என்னவெல்லாம் செய்யச் சொல்கிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

குள்ளன்

ஜூன் 18

அன்புள்ள குள்ளா,

சும்மா தெரிந்துகொள். தொடுவதற்கு முன் கேட்கிறார். வேண்டாமென்றால் கையை உயர்த்தினால் போதும், நிறுத்திவிடுவார். விழுந்த பயத்தை ஒரு துளி மட்டும் நினைக்கச் சொல்லிவிட்டு, உடனே ஜன்னலையோ சுவரையோ பார்க்கச் சொல்கிறார். மறுபடி ஒரு துளி. போன வாரம் தொடை இரண்டும் தடதடவென்று நடுங்கின. "நடுங்கட்டும், அடக்காதீங்க" என்றார். அப்புறம் கொட்டாவியாக வந்தது. இரண்டு நாள் அடித்துப் போட்டதுபோல் கிடந்தேன், எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். ஒரேயடியாகச் சரியாகிவிடும் என்று அவரும் சொல்லவில்லை.

உன் எழுத்து ஏன் கோழிக் கிறுக்கலாக இருக்கிறது? இடது கையால் எழுதினாயா? என்னால் உட்காரவே முடியாமல், உன் கையைப் பற்றி அவரிடம் கேட்டுவிட்டேன். "அந்தக் கை இன்னும் பிடிச்சிட்டுதான் இருக்கு போல. கீழ வந்தாச்சுன்னு அதுக்கு யாரும் சொல்லல" என்றார்.

மேலே ஏறாதே. சொன்னால் கேள்.

நெட்டை

ஜூன் 25

நெட்டை,

என் கையைப் பற்றி ஊராரிடம் பேச உனக்கு யார் உரிமை கொடுத்தது? இரண்டு நாள் உன்மேல் பயங்கரக் கோபம்.

நேற்று மேலே ஏறும் முன் வைக்கும் ஒத்திகைக்குப் போனேன். வாளியைப் பிடித்தேன், பிறகு கை விரியவில்லை. எல்லோரும் பார்க்க, சூப்பர்வைசர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். "இந்தக் கையோட உன்னை ஏத்த மாட்டேன்பா" என்று தணிவாகத்தான் சொன்னார். எனக்கு அவமானத்தில் உயிரே போய்விட்டது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். விரல் விரியத் தொடங்கினாலே மறுபடி இறுக்கிக்கொள்கிறேன். விட்டால் நீ போய்விடுவாய் என்று தோன்றுகிறது. நீ அக்கா வீட்டில் மூக்குப்பிடிக்கச் சாப்பிடுவது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். அந்தப் பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டாயா? இருந்தால் கட்டிக்கொண்டு வாசலில் நில்.

குள்ளன்

ஜூன் 27

என் குள்ளா,

பெல்ட் இருக்கிறது. அக்கா சமையலில் கடைசி ஓட்டைக்கு வந்துவிட்டது.

அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். உன் விரலை யாரும் பிரிக்கக் கூடாதாம், அதுவாக விட வேண்டுமாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள். என் குதிகால் இரண்டும் தரையில் இருக்கும்.

உன் நெட்டை