இந்தச் சனிக்கிழமை அப்பா உட்காரவில்லை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று எழுதத்தான் கை வருகிறது. நீ நலமாக இல்லை என்று எனக்கே தெரியும்போது அதை எதற்குக் கேட்பது என்று விட்டுவிட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா, அந்த வாடகை அறையின் ஜன்னல் சரியாகச் சாத்துகிறதா, இதை மட்டும் சொல். இங்கே என் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கிறது, அப்பாவின் இடது காது போன வருஷத்தைவிட இன்னும் மந்தம், சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, குழாய் ரிப்பேர்க்காரர் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே மாதத்தை ஓட்டிவிட்டார். மற்றபடி குறை ஒன்றுமில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் நல்லா இருக்கேம்மா, வேலை இருக்கு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும், அதற்கு உனக்கு மனசு வராது என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பாவின் சனிக்கிழமைக் கூட்டம் எப்படிப் போகிறது என்று முன்பெல்லாம் கேட்பாய். இப்போது கேட்கமாட்டாய், பரவாயில்லை, நானே சொல்கிறேன். ஜட்ஜ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மனுஷன் காலை நீட்டி உட்காருவார், நானும் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று கனவு கண்டேன் அல்லவா, அந்தக் கனவில் மண் விழுந்து வருஷக்கணக்காகிறது. நூலகத்தின் பின்பக்கம் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் கேட்டு வாங்கி, தானே ஒட்டடை அடித்து, ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போட்டு, கோர்ட்டுக்குப் போக வசதி இல்லாதவர்களும் போகப் பயப்படுகிறவர்களும் இங்கே வரலாம் என்று கதவில் எழுதி ஒட்டினாரே, அன்றைக்குப் பிடித்தது. அவருடைய பழைய பெஞ்சு கிளார்க்கும் கூடவே வந்து சேர்ந்துகொண்டார். அவருக்குக் கோர்ட் பழக்கம் இன்னும் போகவில்லை, வருகிறவர்கள் பெயரை மூன்று தரம் உரக்கக் கூப்பிடப்போய், படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று நூலகர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். மாடி வீட்டுக்காரர் கழுவிவிடும் தண்ணீர் கீழ் வீட்டுத் துணிமேல் விழுகிறது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, அண்ணன் தம்பிக்குள் சுவர் எழுப்பும் தகராறு, எல்லாம் அங்கேதான் வருகிறது. அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. யாரும் தன் குறையை முதலில் சொல்லக் கூடாது. எதிரே இருப்பவருடைய குறை என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஆமாம், அதேதான் என் குறை என்று எதிரே இருப்பவர் தலையாட்டுகிற வரைக்கும் சொல்ல வேண்டும், அப்புறம்தான் தன் பேச்சு. அடித்துக்கொண்டு வந்தவர்கள் பலபேர் அந்த முதல் பாதியிலேயே களைத்துப்போய் டீ கேட்கிறார்கள் என்று கிளார்க் சொல்வார். இடது பக்கம் உட்காருகிறவர் பேச்சு அப்பாவுக்குப் பாதிதான் விழும் என்பதால் நடுவில் இரண்டு பேரையும் இடம் மாற்றி உட்காரச் சொல்வார். அதையும் ஏதோ சட்ட நுணுக்கம் என்று நினைத்து ஜனங்கள் பயபக்தியோடு எழுந்து மாறுகிறார்கள். காதுக்குக் கருவி வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், நாற்காலி மாற்றினால் போதுமே என்பார்.

நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கடைத்தெருவில் நடந்தால் பத்துப்பேர் அவரைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள், அந்த இரண்டு சகோதரர்களும் சுவர் எழுப்பாமல் நடுவில் செடி வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் அலுத்துவிட்டது. அவர் வேலையில் இருந்த காலமெல்லாம் ஜட்ஜ் வீட்டம்மா என்று பேர், எந்த ஊருக்குப் போனாலும் அண்டை வீட்டாரோடு ஒட்டக் கூடாது, கல்யாணத்துக்குப் போகக் கூடாது, யாராவது ஒரு கூடை பழம் கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு ஊரில் மனுஷர்கள் முகம் பழகுவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும், பெட்டியைக் கட்டு, பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்று. ஒருநாள் கொட்டுகிற மழையில் கோர்ட்டிலிருந்து அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டாரே ஒரு மருந்துக்கடைக்காரர், அவருடைய கடை வழக்கு பிற்பாடு அப்பாவிடமே வந்தது. இந்த வழக்கின் கட்சிக்காரர் எனக்கு அறிமுகமானவர், ஆகையால் விலகிக்கொள்கிறேன் என்று எழுதி வேறு கோர்ட்டுக்கு மாற்றிவிட்டார். கோட்டு தைத்துக் கொடுத்த தையற்காரர் வழக்கையும் அப்படித்தான். நான் எரிச்சலில், உங்களுக்கு யாரையுமே தெரியாமல் இருந்தால்தான் வேலை நடக்குமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் ஆமாம் என்றார்.

இத்தனையும் தெரிந்து வளர்ந்தவள்தான் நீ. கார் ஜன்னல் சீட்டுக்கு நீயும் அண்ணனும் மல்லுக்கட்டினால் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, நீ அண்ணன் தரப்பைச் சொல், நீ தங்கை தரப்பைச் சொல் என்று ஆரம்பித்துவிடுவார், கேட்டு முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும், நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அன்றைக்கு நீ போன் செய்து, இனிமேல் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்பா, நாலு பேர் முன்னாடி என்னை மட்டம் தட்டறார், வீட்டுக்கு வந்தா வாரக்கணக்கா ஒரு வார்த்தை பேசறதில்லை, சுவத்தோட குடும்பம் நடத்தற மாதிரி இருக்கு என்று அழுதபோதும் அவருக்கு வாயில் வந்தது அதுதான். மாப்பிள்ளை தரப்புல என்ன சொல்றார், அவரையும் லைனுக்குக் கூப்பிடு என்றார். நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். அவர் அன்றைக்குப் போனை நல்ல காதில்தான் வைத்திருந்தார், அதனால் காதின் மேல் பழியைப் போடவும் எனக்கு வழியில்லை. நீ அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாய், அவரும் தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் கிடந்து அல்லாடினேன். எனக்குக் கோபம் வந்தது, கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் வந்தது.

போன வாரம் காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மாப்பிள்ளைகிட்ட ஒரு தடவை பேசிப் பார்க்கலாமா, ஒரு பக்கம் மட்டும் கேட்டு எப்படி ஒரு முடிவுக்கு வர்றது என்று ஆரம்பித்தார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். மழையில ஸ்கூட்டர்ல ஏத்திட்டு வந்தவர் வழக்கையே கேக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களே, பெத்த பொண்ணு வழக்குல மட்டும் என்ன உரிமையில நாற்காலி போட்டு உக்காந்தீங்க, அவ உங்ககிட்ட தீர்ப்புக் கேட்டாளா, அப்பான்னு தானே கூப்பிட்டா என்று கேட்டுவிட்டேன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தெம்பும் இல்லை. அவர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதைப் போடாமலே எழுந்து உள்ளே போய்விட்டார், பாவமாக இருந்தது, ஆனாலும் நான் பின்னால் போகவில்லை.

இந்தச் சனிக்கிழமை அவர் நூலகத்துக்குப் போகவில்லை. காய்ச்சலோடு கம்பளியைச் சுற்றிக்கொண்டாவது போய் உட்காருகிறவர், அதனால் கிளார்க் பதறிப்போய் வீட்டுக்கே ஓடிவந்தார், ஐயா, அறை நிறைய ஆள் காத்துட்டு இருக்காங்க என்றார். வர்றவங்களை நீங்களே பார்த்துக்குங்க, முறைதான் தெரியுமே, நான் திரும்பி வர நாளாகும் என்று சொல்லி அப்பா அறைச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார். பிறகு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் மத்தியானம் வந்தார். உன் ஊருக்கு விமான டிக்கெட் எடுத்திருக்கிறார். என் முழங்காலுக்கு அத்தனை தூரம் ஆகாது என்று தான் மட்டும் வருகிறார். நான் அங்க போய் எதையும் விசாரிக்க மாட்டேன், அவ சொன்னா கேட்டுக்கறேன், சொல்லலைன்னா ஒரு ஓரமா உக்காந்திருக்கேன், ரொம்ப நாளா ஒரு சுவத்தோட பேசிட்டு இருந்தவளுக்கு பதில் சொல்ற ஆள் ஒண்ணு வேணும்ல என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அதோடு காதுக் கருவியும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஊர் ஜனங்களுக்காகவும் எனக்காகவும் வாங்காத கருவியை இப்போது மாட்டிக்கொண்டு, குழாய் இவ்வளவு சத்தமாகவா ஒழுகுகிறது என்று ஆச்சரியப்படுகிறார். நான் இத்தனை நாள் வேறென்ன சொன்னேன்.

நீ அந்த வீட்டுக்குத் திரும்பிப் போ என்றோ போகாதே என்றோ நான் எழுதமாட்டேன். அது நீ எடுக்க வேண்டிய முடிவு, எடுத்தபிறகு எங்களுக்குச் சொன்னால் போதும். எனக்கு இருக்கிற கவலையெல்லாம், அவ்வளவு தூரம் வந்து நிற்கிற மனுஷனுக்கு நீ கதவைத் திறப்பாயா என்பதுதான். உனக்கு இன்னும் கோபம் இருந்தால் இருக்கட்டும், கோபத்தோடே திற, அவர் தாங்குவார். டீயில் சர்க்கரை போடாதே, கேட்டாலும் போடாதே. மாத்திரை டப்பாவில் காலை, ராத்திரி என்று எழுதி வைத்திருக்கிறேன், அவர் அதையும் வாதாடிப் பார்ப்பார், விட்டுவிடாதே. குளிர் அதிகம் என்றாய், போர்வை ஒன்று கூடுதலாக எடுத்து வை, கருவியைத் தூங்கும்போது கழற்றச் சொல். நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, நிம்மதியாக, வயிறாரச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், வேறு பெரிதாகக் கேட்க எனக்கு இப்போது தெம்பில்லை. கதவு விஷயத்தை மறந்துவிடாதே.

உன் அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அப்பா வாங்கி, கீழே தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்றார். நான் படிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

கட்சிக்காரரை அவர் பிறந்த நாள் முதல் எனக்குத் தெரியும். ஆகையால் விலகிக்கொள்கிறேன்.
அப்பா