தங்கபுஷ்பத்தின் பெயரில் ஒரு வண்டி

தங்கபுஷ்பம்,

நைட் டூட்டி முடிந்து வந்து அயர்ந்து உறங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நாளை ஸோஹார் நகரில் உன் தங்கை மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குச் செல்ல வாடகை வண்டி பேசிவிட்டேன். நாம் இருவரும் ஓட்டுவோம் என்றேன். என்னை வாத்தியாரென்று மதிக்கும் மலையாளிக் கடைக்காரன் ஷைஜு, "மாஷே, மேடம் எக்ஸ்ட்ரா டிரைவர். அதுக்குத் தனி சார்ஜ் உண்டு" என்றான். முப்பத்தோராண்டு இல்லறத்தில் உன்னை நான் எதிலும் எக்ஸ்ட்ராவாகக் கருதியதில்லை. ஒரு பைசாவும் தர இயலாது என்று உரக்கக் கூறி, அவனது படிவத்திலிருந்த மூன்று பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன்.

"அப்போ ஒரு பேருதான் போட முடியும். யாரு பேரு?" என்றான்.

காலையில் நீ சொன்னது நினைவுக்கு வந்தது: "நீங்க ஓட்டுனா பிள்ளைக்க புதுநன்மைக்கில்ல, அவளுக்க கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவோம்." அக்கூற்று எனக்கு இன்னும் உடன்பாடன்று. எனினும் உன் பெயரையே சொன்னேன்.

இனி அவ்வண்டியை நான் ஓரடியும் நகர்த்தக் கூடாதாம். இன்று மாலை ஐந்து மணிக்குள் நீ லைசென்ஸுடன் வந்து கையொப்பமிட வேண்டும். அலாரம் மூன்றுக்கு வைத்துள்ளேன். சாளை மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது, உண்டுவிட்டு வா. வேறெவருக்கும் வண்டியைக் கொடுத்துவிடாதபடி நான் கடைவாசலில் நிற்கிறேன்.

பத்திநாதன்

பின்குறிப்பு: ஸோஹார் வரை வேகத்தைப் பற்றி வாய் திறவேன்.

மேலும் ஒன்று: முள் நூற்றிருபதைத் தாண்டினால் இருமுவேன். அதைச் சளி என்று கொள்க.