கழுவிப் பார்த்த பொடி

இன்று காலை ஆய்வகத்தில் அமீன் என்ற ரசாயனத்தின் பாட்டிலைத் திறந்ததும் அந்தக் கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது. உடனே உன் நினைவுதான் வந்தது. ஒரு ஆடிக் கிருத்திகை அன்று வேலை முடிந்து திருத்தணி ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் காவடியோடு உட்கார்ந்திருந்த அம்மா நம் துப்பட்டாவை மோந்து பார்த்து, இன்றைக்குப் போய் மீன் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு இடம் மாறிக்கொண்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. நீயோ, மூக்கு சொன்னதைத்தானே கேட்டாள் என்று அவள் பக்கம் பேசினாய். சந்தேகப்படுகிறவர்களை உனக்குப் பிடிக்கும்.

அப்போது நம் மருந்துக் கம்பெனியில் எஸ்டர் என்ற மூலப்பொருளை அமைடு என்ற மருந்துப்பொருளாக்க இரண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. முதலில் எஸ்டரை உடைத்து அமிலமாக்க வேண்டும். பிறகு விலை கூடிய இன்னொரு பொருளைப் போட்டு அதை அமீனோடு சேர்க்க வேண்டும். கழிவை அள்ளி மாளாது. ஒரு நாள் மேனேஜர் வெளியிலிருந்து ஒரு வினையூக்கிப் பொடியை வாங்கிவந்தார். இதைக் கொஞ்சம் போட்டால் எஸ்டரும் அமீனும் நேராகவே அமைடாகிவிடும் என்றார். போட்டோம், ஆனது. முதல் தடவையே அழுக்கில்லாமல் வந்தது. எல்லோரும் இனிப்பு சாப்பிட்டோம். உன் பங்கு மேசையிலேயே இருந்தது.

"இவ்ளோ சுத்தமா வருதுன்னா எனக்கு நம்பிக்கை இல்லடி."

அந்தப் பொடியை எதிலிருந்து செய்தார்கள் என்று நீ துருவிக்கொண்டே இருந்தாய். மேனேஜருக்கு உன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ அடிக்கடி வெளியே போய் யாரோடு போனில் பேசுகிறாய், வேறு கம்பெனிக்குத் தகவல் சொல்கிறாயா என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை ரயில் அரக்கோணம் தாண்டியதும் உன் போன் அடித்தது. கதவருகே போய் முதுகைக் காட்டி நின்று பேசினாய். திரும்பி வந்ததும் நேராகவே கேட்டேன்.

"ஆஸ்பத்திரி," என்றாய். "மார்ல கட்டின்றாங்க. எனக்கு அந்த ரிப்போர்ட்டு மேலயே சந்தேகம். வேற எடத்துல பாக்கறதுக்குத்தான் பேசிகினு இருக்கேன்."

மறுநாளும் வழக்கம்போல வேலைக்கு வந்தாய். பொடியைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினாய், அடுப்பில் உலர்த்தினாய், குடுவையில் போட்டாய். எஸ்டர் எஸ்டராகவே கிடந்தது. பிறகு பொடியே இல்லாமல், நம் அலமாரியில் இருந்த சோடியம் மெத்தாக்சைடைக் கொஞ்சம் போட்டாய். அமைடு வந்தது. பொடியைச் செய்தபோது அதில் ஒட்டிக்கொண்டு தங்கிப்போன அந்த மலிவுச் சரக்குதான் இத்தனை நாள் வேலை செய்திருக்கிறது. தன் கண் முன்னால் இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னார் மேனேஜர். அவர் அப்படிக் கேட்டது உனக்குச் சந்தோஷம். பொடிக்குக் கொடுக்கவிருந்த பெரிய ஆர்டர் நின்றுபோனது. இன்றும் இங்கே உன் வழியில்தான் செய்கிறோம்.

அதே வாரம் இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. முதலாவதில் இருந்ததுதான் இதிலும். ரயிலில் அதைப் படித்து மடித்து, "இது மட்டும் சரியா வந்துகீது பாரு," என்றாய்.

இப்போதெல்லாம் எது நன்றாக வந்தாலும், வினையூக்கி போடாத குடுவை ஒன்றையும் பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்கிறேன். அதில் ஒன்றும் நடக்காவிட்டால்தான் என் மனம் அடங்குகிறது. இந்தக் குணம் எனக்கு முழுசாக ஒட்டிக்கொண்டது உன் நைனா போன் செய்த மதியத்தில்தான். அவர் எப்போது பேசினாலும் பின்னால் பவர்லூம் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. நீ போய்விட்டாய் என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில், டாக்டர் சரியாகப் பார்த்தாரா என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"ஆங்ம்மா," என்றார். "நானும் இன்னொரு தடவை பாக்கச் சொன்னேன்."