அம்மா முழந்தாளிட்ட மண்டபம்

சேசு மரியாயின் அடைக்கலத்தில்

ஊர்காவற்றுறை
21.09.1973

அன்பு மகன் லியோனுக்கு அப்பா எழுதுவது,

அந்தக் குளிர்தேசத்திலே உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் சுகம் என்றுதான் எல்லோரும் கடிதத்தைத் தொடங்குகிறார்கள், நானும் அப்படியே எழுதி வைக்கிறேன், மிச்சத்தை வாசித்து நீயே தெரிந்துகொள். சோளகக்காற்று இன்னும் ஓயவில்லை, வள்ளம் கரையில் ஏறிக் கிடக்கிறது, வலை காய்ந்து முறுகுகிறது. கோதுமைமாவுக்குத் தட்டுப்பாடு, பாண் வாங்க விடியவே வரிசையில் நிற்கவேண்டும், நின்றாலும் கிடைக்கும் என்று இல்லை. உன் அக்கா கத்தரீனாவின் கடைசிக்குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, போனமாதம் காய்ச்சல் வந்து இப்போது பரவாயில்லை. அம்மாவின் இரண்டு கண்ணிலும் வெண்படலம் நன்றாக மூடிவிட்டது, ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. அவள் இப்போது எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். என்ன எழுதிறியள் என்று கேட்டாள், வலையைப் பற்றி என்று சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் உனக்கு எழுதவேண்டியது நிறைய இருக்கிறது.

வைகாசியிலே நீ எழுதிய கடிதம்தான் கடைசி. உங்கள் வாத்தியக்குழு தங்கள் நாட்டு இசையைத் தூக்கிக்கொண்டு ஊரூராய்ப் போகிறது, ஆவணியில் கொழும்புக்கும் வருகிறது, நானும் வருவேன், வயலின்காரரில் மூன்றாம் வரிசையில் என்னைப் பாருங்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை, ஒரு தந்தி இல்லை. அந்தக் கடிதத்தை அம்மா கோயிலுக்கும் கொண்டுபோய்ச் சுவாமியாரிடம் கொடுத்து மறுபடியும் வாசிக்கச்சொல்லிக் கேட்டாள், ஊரிலே கேளாத சனம் இல்லை. உனக்கென்று பாரைமீன் கருவாடும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் கட்டி, திருநாளுக்கு உடுக்கிற வெள்ளைச்சேலையை உடுத்துக்கொண்டு யாழ்தேவி ரயிலில் ஏறினாள். புளியங்கூடல் தியாகலிங்கம் கொழும்பிலே ஒரு கந்தோரில் வேலை செய்கிறாரே, அவர்தான் எங்களுக்கு நுழைவுச்சீட்டு எடுத்து, கூட்டிக்கொண்டுபோய் எங்களோடேயே இருந்தார். நல்ல மனிதன். கருவாட்டு நாற்றத்துக்கு முன்வரிசை நோனாமார் சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி வேறிடம் போனார்கள், அவர் மாத்திரம் அசையவில்லை.

திரை விலகியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இஞ்சேருங்கோ, பிள்ளை எங்கை இருக்கிறான் என்று கேட்டாள். நான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன் மகன், முதலாம் வரிசையையும் பார்த்தேன், மேளம் அடிக்கிறவன், குழல் ஊதுகிறவன் என்று ஒருவரும் விடாமல் பார்த்தேன். மேடையிலே அத்தனைபேரும் வெள்ளையர். உன்னுடைய கறுப்பு முகம் எங்கேயும் இல்லை. பிந்தி வருவாய், பிறகு வருவாய் என்றுதான் அப்போது நினைத்தேன், கடவுளறிய அப்படித்தான் நினைத்தேன். அவள் முகத்திலே இருந்த சந்தோசத்தைப் பார்த்து எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. ஓமப்பா, மூண்டாம் வரிசையிலை இருக்கிறான், மெலிஞ்சு போனான் என்றேன். அவள் அழத்தொடங்கிவிட்டாள்.

அவர்களுடைய ஆறு, காடு, பழைய சண்டை எல்லாவற்றையும் பாட்டாக்கி வாசிக்கிறார்களாம், தியாகலிங்கம் ஒரு தாளைப் பார்த்துச் சொன்னார். கேட்க நல்லாய்த்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நடுவிலே எல்லா வாத்தியமும் நின்றுபோய், ஒரேயொரு வயலின் தனியே மெல்ல எழும்பியது. ஒரு நரைத்த வெள்ளைக்காரக் கிழவன் வாசித்தான். பின்னாலிருந்து ஒருவன் சின்னக் கம்பி ஒன்றைத் தட்ட, பூசைமணி மாதிரிக் கேட்டது. நம்முடைய கோயிலில் சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தின்போது மணியடிக்க நீ தனியே வாசிப்பாயே, சனம் முழுதும் முழந்தாளில் நிற்குமே, உன் அம்மாவுக்கு வயலின் என்றால் அது ஒன்றுதான் தெரியும். என்ர பிள்ளை எழுந்தேற்றத்துக்கு வாசிக்கிறான் என்று சொல்லிக்கொண்டு, நான் பிடிக்கமுதல் கதிரையை விட்டிறங்கி, நடைவழியிலே முழந்தாளிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். பின்னாலே சிரித்தார்கள். வெள்ளைக்கோட்டுப் போட்ட ஒருவன் ஓடிவந்து எழும்பச்சொல்லிச் சிங்களத்திலே உறுக்கினான். அவளை இழுத்து எழுப்பவும் எனக்கு மனம் வரவில்லை, தனியே விடவும் மனம் வரவில்லை. நானும் பக்கத்தில் முழந்தாளிட்டேன். அந்தக் கிழவன் வாசித்து முடியும்வரை இரண்டுபேரும் அப்படியே நின்றோம்.

முடிந்தபிறகு தியாகலிங்கம் அம்மாவோடு நிற்க ஒருவரைப் பிடித்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னாலே போய், அவர்களுக்குப் பொறுப்பான துரையிடம் இங்கிலீசில் விசாரித்தார். அந்த மனிதன் மரியாதையாய்த்தான் பதில் சொன்னான். லியோன் கெட்டிக்காரன், வேலையிலே ஒரு குறையும் இல்லையாம். ஆனால் தங்கள் நாட்டு இசையைப் பிறநாட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிற பயணமாம் இது, சபை பார்த்தவுடனே இவர்கள் அந்த நாட்டுப் பிள்ளைகள் என்று தெரியவேண்டுமாம், அதனாலே உன்னை இந்தப் பயணத்திலே இருந்து நிறுத்திவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நானும் குலுக்கினேன். எனக்கு இங்கிலீசு தெரிந்திருந்தால் நல்லாய்க் கேட்டிருப்பேன் நாலு கேள்வி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, கொழும்பிலே அந்தத் தேசிய வாத்தியக்குழுவுக்கு நீ ஆட்களோடு ஆளாய்ப் போய் வாசித்துக்காட்டினாய். வாசிப்பு நல்லது, எங்கள் நாட்டுப் பாட்டுக்கு உன் பெயரும் ஊரும் சரிவராது என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு நீ சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாய். இங்கே தமிழன் என்று தள்ளினால் தள்ளட்டும், வெளியே போ, கலையைப் பார்க்கிற சனம் உலகத்தில் இருக்கும் என்று நான்தான் உன்னைக் கப்பலேற்றினேன். இப்போது அங்கேயும் இதே கதை. இனி நீ எந்த நாட்டுப் பாட்டை வாசிக்கிறது மகன்? கடலிலே காற்று மாறினால் பாயை மாற்றிக் கட்டலாம். இதுக்கு நான் என்ன செய்ய, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அம்மாவிடம் நான் திரும்பிவந்து, அவங்களைக் கையோடை பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள், பிள்ளை கருவாட்டுப் பொட்டளியை வாங்கிக்கொண்டு ஓடிப்போனான் என்றேன். பொட்டளியைத் தியாகலிங்கத்திடம் கொடுத்துவிட்டேன். ரயிலிலே அவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். நித்திரை என்று நினைத்தேன். ஆனையிறவு தாண்டும்போது வாயைத் திறந்தாள். நான் முழந்தாளிட்டதைப் பிள்ளை கண்டிட்டான், வெள்ளைக்காரருக்கு முன்னாலை அவனுக்கு வெக்கமாய்ப் போச்சு, அதுதான் என்னட்டை வரேல்லை என்றாள். அதெல்லாம் இல்லையப்பா என்று நான் எவ்வளவு சொல்லியும் அவள் தலையில் ஏறவில்லை. அன்று தொடக்கம் அவள் ஒழுங்காய்ச் சாப்பிடுவதில்லை. கோயிலிலே முன்னுக்கு நிற்பவள் இப்போது கடைசியில் போய் நிற்கிறாள். எழுந்தேற்றத்துக்கு மணியடித்தால் உடனே முழந்தாளிடுவதில்லை. பக்கத்தில் நிற்கிறவளின் தோள் இருக்கிற உயரத்தைக் கையால் தடவிப்பார்த்து, அவள் இறங்கியிருந்தால்தான் தானும் இறங்குகிறாள். எங்கே என்ன செய்தால் பிழை என்று பயந்துபோனாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலாது மகன்.

நீ அங்கே இருக்கவில்லை என்று நான் உண்மையைச் சொன்னால், பிள்ளையை இப்படி ஒதுக்கிவைத்திருக்கிறார்களே என்று அவள் அந்தக் கவலையிலேயே போய்விடுவாள். சொல்லாமல் விட்டால், பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு வெட்கப்பட்டான் என்ற நினைப்போடு போய்விடுவாள். இரண்டிலும் போகிறவள் அவள்தான். நீ வேலையில் இருக்கிறாயா, கலைத்துவிட்டார்களா, சாப்பிடுகிறாயா, அதுவும் எங்களுக்குத் தெரியாது. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு என்று தனியே ஒரு கடிதம் போடு, கத்தரீனா வாசித்துக்காட்டுவாள். என்ன எழுதுவது என்று நீயே யோசித்துக்கொள், உனக்குச் சொல்லித்தர எனக்குப் புத்தி இல்லை. கெதியாய் எழுது.

கம்பளிச்சட்டை போடாமல் வெளிக்கிடாதே. கவலைக்கென்று குடியைப் பழகிவிடாதே. ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, கடவுள் கேட்கிறாரோ இல்லையோ நீ போ. மாதாவும் அந்தோனியாரும் உன்னைக் கைவிடாமல் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டுபேரும் உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம்.

முடிக்கப்போகிறேன் என்றதும் அம்மா தானும் ஒரு சொல் எழுதவேண்டும் என்கிறாள். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். தம்பி, அடுத்தமுறை நீ வாசிக்க வரேக்கை எங்களுக்கு அறிவி ராசா, நான் மற்றச் சனம் மாதிரிக் கதிரையிலையே இருப்பன், முழந்தாளிடமாட்டன்.

உன் அப்பா
ம. குருசுமுத்து